இரண்டரை வயதுப் பிள்ளை ஏன் அடிக்கிறான், கடிக்கிறான்?

கேட்டிருப்பவர் கோண்டாவிலில் தாய்வீட்டில் இருக்கும் ஒரு இளம் தாய். மகனுக்கு இரண்டரை வயது, அடுத்தது ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவர் கத்தாரில். மகன் தங்கச்சியின் கையைக் கடிக்கிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தள்ளி விழுத்துகிறான், கேட்டது கிடைக்காவிட்டால் நிலத்தில் விழுந்து உருளுகிறான். அவன் வயிற்றில் இருந்த காலத்தில் தான் அழுதுகொண்டே இருந்ததாலா, தகப்பன் பக்கத்தில் இல்லாததாலா, போன் பார்ப்பதாலா என்று கேட்கிறார். அவருடைய அம்மா "ரெண்டு போட்டாத்தான் அடங்குவான்" என்கிறாராம். மாமனார் "ஆம்பிளைப் பிள்ளையெண்டா அப்பிடித்தான்" என்கிறாராம். பெரியவனானால் முரடனாகிவிடுவானோ என்பது பயம். வருகிற தைக்கு முன்பள்ளியில் விடலாமா என்பது கடைசிக் கேள்வி.

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் ஆகக் கூடுதலாகக் கைநீட்டும் காலம் வாலிப வயது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட காலம். மொன்றியலில் ரிச்சர்ட் ட்ரெம்பிளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்தில் இருந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தவர். கைகால் வசப்பட்டதும், முதலாவது பிறந்தநாளை ஒட்டி, பிள்ளைகள் அடிக்கவும் தள்ளவும் பறிக்கவும் தொடங்குகிறார்கள். மூன்று, மூன்றரை வயதுவரை அது ஏறுகிறது. பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் பெரும்பாலானோரிடம் இறங்கிவிடுகிறது. அடிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது தானாக வருகிறது. அடிக்காமல் இருக்கத்தான் பழக வேண்டியிருக்கிறது, அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கிறது. அதனால் "இதை எங்க பழகினவன்?" என்று வீட்டில் விசாரணை வைத்துப் பிரயோசனம் இல்லை. நிறுத்தப் பழகுவதற்கு அவனுக்கு யார் துணை நிற்கிறார்கள், அதற்கு எது குறுக்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

இன்னும் பழைய ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. 1931இல் ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், சின்னப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்த ஒவ்வொரு தடவையையும் பெற்றோரைக் கொண்டே எழுதுவித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். கோபம் ஆகக் கூடுதலாக வந்தது இரண்டாவது வயதில். அதிலும் சாப்பாட்டுக்குச் சற்று முந்திய நேரம், களைத்த நேரம், தடிமன் காய்ச்சல் போன்ற சின்னச் சுகவீனம் உள்ள நாட்கள். தொண்ணூறு வருடம் ஆகியும் இது மாறவில்லை. ஒரு கிழமைக்கு நீங்களும் கலண்டரில் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மத்தியானச் சோற்றுக்கு முந்திய அரை மணித்தியாலத்திலும், பகல் நித்திரை தவறிய பின்னேரங்களிலும் கடி கூடுகிறது என்று தெரிந்தால், பாதிப் பிரச்சினைக்கு மருந்து அடுப்படியிலும் பாயிலும் இருக்கிறது. சோற்றை ஒரு மணிக்குக் கொடுக்காமல் பன்னிரண்டுக்குக் கொடுங்கள்.

சரி, எல்லாப் பிள்ளையும் அடிக்கிறது என்றால் கவலைப்படவே வேண்டாமா? அப்படியும் இல்லை. ட்ரெம்பிளே குழுவினர் 2004இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 572 குடும்பங்களின் பிள்ளைகளை 17, 30, 42 மாத வயதுகளில் பார்த்தார்கள். ஏறத்தாழ 28 வீதமான பிள்ளைகள் அடிப்பதே அரிது. 58 வீதமானவர்கள் நடுத்தரம். மிச்சம் 14 வீதமானவர்கள் தொடக்கத்திலேயே கூடுதலாக அடித்து, மேலும் ஏறிக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் சிக்கல் வரும் வாய்ப்பு அந்தச் சிறு கூட்டத்துக்குத்தான் கூட. அந்தக் கூட்டத்தில் சேரும் பிள்ளைகளின் வீட்டில் அடிக்கடி காணப்பட்டவை: வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை, மிக இளவயதில் தாயானவர், கர்ப்ப காலத்தில் புகைத்தது, குறைந்த வருமானம், தாய் தகப்பனுக்கிடையில் ஓயாத பிணக்கு, தாயே பள்ளிக் காலத்தில் குழப்படிக்காரியாக இருந்தது. முதலாவதைக் கவனியுங்கள். அடிப்பதற்கு முதலில் அடிபட ஒருவர் வேண்டும், பறிப்பதற்கு அவர் கையில் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஐந்து மாதத்துக்கு முன் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறந்த சில மாதத்திலேயே ஒரு பிள்ளை சட்டென்று சீறும், இன்னொன்று தூக்கிப் போட்டாலும் சிரிக்கும். அதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் "என்ர மூத்தவள் இப்பிடி இல்லையே" என்று ஒப்பிட்டுத் தன்னையே குற்றம் சொல்லும் தாய்மாரைத்தான் கூடுதலாகக் காண்கிறேன்.

வயிற்றில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1998இல் கியூபெக்கில் பெரும் பனிமழை பெய்து வாரக்கணக்காக மின்சாரம் இல்லாமல் போனது. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். தாய் பட்ட கஷ்டத்தின் அளவுக்கும் பிள்ளையின் மொழி வளர்ச்சிக்கும் நடத்தைக்கும் ஒரு தொடர்பு தெரிந்தது. ஆனால் இந்தத் தொடர்புகள் சராசரியில் தெரிபவை, ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் தலையெழுத்து இல்லை. நாலு மாதம் அழுத தாயின் வயிற்றில் இருந்து சாந்தமான பிள்ளைகள் எத்தனையோ பிறந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. கர்ப்ப காலப் புகைத்தலையும் முன்பு பெரிய காரணமாகச் சொன்னார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அதில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்தின் மற்றக் கஷ்டங்களுடையது என்று தெரியவந்தது. மது மட்டும் வேறு விஷயம். அது கருவின் மூளையை நேரடியாகவே கெடுக்கும். நீங்கள் அழுதது முடிந்த கதை. இப்போதும் அழுகிறீர்களா என்பதைத்தான் நான் கேட்பேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டரை வயதுப் பிள்ளையால் ஏன் தன்னைத் தானே பிடிக்க முடியவில்லை? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் "பொறு" என்று சொல்வது. அது இருபது வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் பகுதியோ பிறக்கும்போதே வேலைக்கு வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் இந்த ஆண்டுகளில் பிள்ளை தன் "பொறு"வை வளர்ந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் நாளைக் கழிக்கிறது. அழும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தடவி, மெல்லிய குரலில் ஏதோ சொல்லி முற்றத்தில் உலாத்துகிறோமே, அதுதான் அந்தக் கடன். ஆயிரம் தடவை அப்படி ஆறிய பிள்ளைதான் ஒருநாள் தானாக ஆறப் பழகுகிறது. தூக்கித் தூக்கிச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். ஆறுதல் கொடுப்பது வேறு, கேட்டதெல்லாம் கொடுப்பது வேறு.

பேச்சையும் இங்கே சேர்க்க வேண்டும். "எனக்குத் தா", "வேண்டாம்", "என்ர" என்ற மூன்று சொல் வாயில் வந்துவிட்டால் பல் செய்யும் வேலை குறைகிறது. பேச்சுப் பிந்திய பிள்ளைகளிடம் அடம் கூடுதலாக இருப்பது இதனால்தான். அவன் கடிக்க வரும் நேரத்தில் சொல்லைக் கொடுங்கள்: "என்ர எண்டு சொல்லு. அடிக்கிறேல்லை."

இனி அம்மாவின் வைத்தியம். "ரெண்டு போட்டால் அடங்குவான்" என்பது பொய் இல்லை, அந்த நிமிடத்தில் அடங்குவான். பூவரசந்தடியை முறித்துக் காட்டினாலே அடங்கிவிடுவான். அடுத்த கிழமை என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் துணை ஆய்வாளரும் ஐம்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி, 160,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்தார்கள். கையால் அடி வாங்கும் பிள்ளைகளிடம் சொல்வழி கேட்பது கூடவில்லை, முரட்டுத்தனம்தான் கூடியிருந்தது. குழப்படி கூடிய பிள்ளைதானே கூடுதலாக அடி வாங்கும், அதனால் இப்படித் தெரிகிறதா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் எவ்வளவு குழப்படி என்பதையும் கணக்கில் எடுத்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி நிலைமையை மோசமாக்கியதே தெரிந்தது. கடித்ததற்கு அடித்தால் பிள்ளை அதில் விளங்கிக்கொள்வது ஒன்றுதான்: பெரிய ஆள் சின்ன ஆளை அடிக்கலாம். தங்கச்சி அவனைவிடச் சின்ன ஆள்.

"திருப்பிக் கடிச்சுக் காட்டு, அப்பத்தான் நோ விளங்கும்" என்றும் ஊரில் சொல்வார்கள். கடித்த வாய்க்கு மிளகாய்த்தூள் என்று வெருட்டுவதும் உண்டு. இரண்டும் வேண்டாம். அவன் நிலையில் இன்னொருவரின் நோவையும் தன்னுடைய நோவையும் பொருத்திப் பார்க்கும் பக்குவம் இன்னும் வரவில்லை. உறைப்புத்தான் மிச்சம்.

சரி, என்ன செய்வது? ஓடிப்போய் முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். முதல் கவனிப்பு கடித்தவனுக்குக் கிடைக்கக் கூடாது. பிறகு அவனுடைய உயரத்துக்குக் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "கடிக்கிறேல்லை. நோகும்" என்று இரண்டு சொல்லில் நிறுத்துங்கள். விளக்கவுரை வேண்டாம், கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது கேட்காது. அவன் நிலத்தில் உருண்டால் பக்கத்தில் இருங்கள், இடிபடாமல் பாருங்கள், கேட்டதைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்பவர் வீடு வீடாகப் போய் இருந்து கவனித்துக் கண்டது இதுதான்: பிள்ளை கத்தும், தாய் மறுப்பார், பிள்ளை இன்னும் கத்தும், தாய் களைத்துக் கொடுத்துவிடுவார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் ஒருவருக்கொருவர் பழக்கிவிடுகிறார்கள். அம்மம்மா, அம்மப்பா, மாமி, சித்தி என்று நாலுபேர் உள்ள வீட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நீங்கள் மறுத்ததை உள்வீட்டில் ஒருவர் ஒளித்துக் கொடுத்துவிடுவார். அவரோடு சண்டை பிடிக்காமல், பிள்ளை நித்திரையான பிறகு இருந்து கதையுங்கள். எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டாம்; கடிக்கும் அடிக்கும் மட்டும் வீடு முழுக்க ஒரே பதில் என்றால் போதும்.

நம் வீடுகளில் நல்ல மனத்தோடே செய்யும் சில காரியங்களைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பத்து மாதப் பிள்ளை கன்னத்தில் அறைந்தால் எல்லோரும் சிரிக்கிறோம். "மாமாவுக்கு ஒண்டு போடுங்கோ" என்று சொல்லிக்கொடுத்தே அறைய விடுகிறோம். இரண்டு வயதில் அதே கைக்குத் தடி எடுக்கிறோம். பிள்ளை தடக்கி விழுந்தால் "நிலத்துக்கு அடி, நிலத்துக்கு அடி" என்று சீமெந்தைத் தட்டி ஆற்றுகிறோம். இதற்கெல்லாம் ஆய்வு காட்ட என்னால் முடியாது, ஆனால் நோ வந்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்ற பாடம் இதைவிட அழகாக யாரும் எடுக்க முடியாது. "ஊசி போடுவினம்", "பொலிசு பிடிக்கும்" என்று வெருட்டுவதையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக் வாசலில் அவன் போடும் கூச்சலுக்கு யார் பொறுப்பு?

பொய் வாக்கும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய இனிப்புச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இப்போது ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் சிறந்தார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2018இல் ஏறத்தாழ 900 பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு நன்றாகத் தேய்ந்துபோனது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சோதனை. ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர், இனிப்பு வைப்பதற்கு முன்னால் சில பிள்ளைகளிடம் "நல்ல கலர்ப் பென்சில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிக் கொண்டுவந்தார், சில பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பொறுமை பிள்ளையின் குணம் மட்டும் இல்லை, சொன்னவரை நம்பலாமா என்று அது போடும் கணக்கும்தான். "சாப்பிட்டால் பின்னேரம் நல்லூரடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கித் தாறன்" என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாதென்றால் சொல்லாதீர்கள். கடைக்குப் போகும்போது பின்கதவால் ஒளித்துப் போகாமல், அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள்.

போன் கேள்விக்கு நீளமாக எழுத மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டில் இருந்து நாலு வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். வளர்ந்தவர் அடிப்பதைப் பார்த்த பிள்ளை அப்படியே திருப்பிச் செய்யும் என்பதை ஆல்பர்ட் பண்டுரா 1961இலேயே ஒரு பொம்மையை வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் உங்கள் மகன் பார்ப்பதில் அடிதடி இருக்கிறதா என்பதைவிட, எந்த நேரத்தில் போன் கையில் வருகிறது என்பதுதான் என் கவலை. சோறு தீத்தும்போதும் அழுகையை நிறுத்தவும் என்றால், ஆறப் பழகும் வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் தட்டிப்போகிறது. அந்த இரண்டு நேரத்தை மட்டும் முதலில் விடுவியுங்கள். கத்தாரில் இருந்து வரும் வீடியோ அழைப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது தகப்பன்.

தகப்பன் தூரத்தில் இருப்பது மட்டும் ஒரு பிள்ளையை முரடனாக்குவதில்லை. தனியே நின்று களைத்துப்போகும் தாய்க்கு என்ன நடக்கிறது என்பதே பெரிது. வடக்கில் இதற்கு ஒரு பாரமான பின்னணியும் உண்டு. 1995இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன் வயதில் இருக்கிறார்கள். கிளவுடியா கட்டானி குழுவினர் வடகிழக்கின் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், போரைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகளே வீட்டிலும் கூடுதலாக வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். தகப்பனின் குடியும் அதோடு சேர்ந்திருந்தது. போர் வேலிக்கு வெளியே நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பல காலம் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் சமூகம் முழுவதுக்கும் பட்ட காயமாக எழுதிவந்தார். உங்கள் அம்மா தடியைத் தேடுவதிலும் அந்தக் காலத்தின் களைப்பும் பதற்றமும் இருக்கலாம். அவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

அதனால்தான் இப்போதும் அழுகிறீர்களா என்று கேட்டேன். பிள்ளை பெற்ற ஐந்து மாதத்தில் நித்திரை இல்லாமை, எதிலும் மனமில்லாமை, காரணமில்லாத அழுகை நீடித்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவரை நிறை பார்ப்பதற்கும் ஊசிக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். 1977இல் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 400 பெண்களை வைத்து ஒரு முயற்சி தொடங்கினார். தாதிமார் கர்ப்ப காலத்தில் இருந்து பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை வீடு தேடிப் போய்க் கதைத்தார்கள், வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். வசதி குறைந்த குடும்பங்களில் அந்தப் பிள்ளைகள் பதினைந்து வயதானபோது, கைதாவது முதற்கொண்டு பல விஷயங்களில் வித்தியாசம் தெரிந்தது. வீடு தேடி வரும் அந்த ஏற்பாடு நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுத் திட்டத்தில் இருந்தே இருக்கிறது. அடுத்த முறை அவர் வரும்போது தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடாமல் இருத்திக் கதையுங்கள்.

கட்டுப்பாடு பழகுவதற்குப் பிந்திவிட்டதா என்றும் மனதில் இருக்கும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1037 பிள்ளைகளை மூன்று வயதில் இருந்து இன்றுவரை பின்தொடர்கிறார்கள். சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலம், பணம், சட்டச் சிக்கல் மூன்றிலும் கஷ்டம் கூட. ஆனால் இடையில் அந்த ஆற்றலைக் கூட்டிக்கொண்டவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள். உங்கள் மகனுக்கு இன்னும் மூன்றே ஆகவில்லை. தகரத்தைத் தவில் மாதிரித் தட்டுங்கள். தட்டும்போது ஆட்டம், நிறுத்தினால் சிலை. பத்து நிமிடம் முற்றத்தில் இதை விளையாடினால் அவன் பயிலுவது நிறுத்தும் வேலைதான், அவனுக்குத் தெரியாமலே.

வைத்தியரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. இரண்டரை வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண் பார்ப்பதில்லை, வந்த சொற்கள் மறைந்துபோகின்றன, தன்னையே கடித்தோ தலையை மோதியோ காயப்படுத்துகிறான், நாலு வயது தாண்டியும் அடி குறையவில்லை. இப்படி ஏதாவது என்றால் பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, போதனா வைத்தியசாலையின் குழந்தைகள் கிளினிக்குக்கோ போங்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்வார்கள், அது சரியான ஒழுங்கு. கடிப்பது நிற்கும்வரை கைக்குழந்தையை அவனோடு ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். ஏணை ஆட்டுவதென்றாலும் உங்கள் கை மேல் அவன் கையை வைத்து ஆட்ட விடுங்கள்.

முன்பள்ளியில் தைக்கு விடலாம், கடிக்கிறான் என்பதற்காகப் பின்போட வேண்டாம். மற்றப் பிள்ளைகளிடம் பறித்து, பறிகொடுத்து, முறைக்கு நின்று பழகும் இடம் அது. சேர்ப்பதற்கு முன் ஒரு காலை போய் வெளியில் நின்று பாருங்கள். ஒரு பிள்ளை இன்னொன்றைத் தள்ளும்போது ஆசிரியை என்ன செய்கிறார்? கிட்டப் போய்க் குந்திக் கதைக்கிறாரா, இருந்த இடத்தில் இருந்து கத்துகிறாரா, மேசையில் அடிமட்டம் இருக்கிறதா? "இவர் கடிப்பார், என்ன செய்வீங்கள்?" என்று நேரே கேளுங்கள். "அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம், ரெண்டு நாளில திருத்திப்போடுவம்" என்று பதில் வந்தால், அடுத்த ஒழுங்கையில் இருக்கும் முன்பள்ளியையும் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.